பதினாறு பேரும் ஒரு கையெழுத்தும்

என் அருமை மாப்ள குமரேசா,

உன் படத்துக்கு முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மேலூர் ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு வருகிற பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். நீ திருத்தி வைத்திருந்த ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பேப்பரைப் பிள்ளைகளுக்கு நான்தான் கொடுத்தேன். ஒருத்தரும் மார்க்கைப் பார்க்கவில்லை.

ஒரே ஸ்டாஃப் ரூமில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்போம்? என் தங்கச்சி ராணியைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே நீ எனக்கு மாப்ளதான். பத்தாவது வரைக்கும் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வைப்பாய். அதில் ஒரு பத்து, பன்னிரண்டு பேர் பதினொன்றாம் வகுப்பு ஹிஸ்டரி குரூப்புக்கு என்னிடம் வருவார்கள். உண்மையைச் சொன்னால் நீ சமைத்ததை நான் பரிமாறினேன், அம்புட்டுதான்.

பிள்ளைகளை வைத்து நீ நடத்திய ‘மாதிரி கிராம சபை’யை நினைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். தெருவிளக்கு, தார்ரோடு என்று புத்தகத்தில் இருந்ததையே ஒப்பித்தார்கள். பின்வரிசையிலிருந்து உன் மகள் பவித்ரா எழுந்தாள். "பொம்பளப் பிள்ளைக பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல சார். ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதைத் தீர்மானமாக எழுதவைத்து, அவளையே ஹெட்மாஸ்டர் மேஜைக்குக் கொண்டுபோகச் சொன்னாய். மறுநாள் ஆசாரி வந்து தாழ்ப்பாள் போட்டார். அன்றைக்கு அவள் நடந்த நடையைப் பார்க்கணுமே.

நீ போன பிறகு அந்தச் சபை கூடவில்லை. அந்த நேரத்தில் டெஸ்ட் வைக்கிறார்கள்.

இந்த வருஷம் பவித்ரா பத்தாவது முடித்தாள். நல்ல மார்க். ஹிஸ்டரி குரூப்தான் எடுப்பேன் என்று நின்றாள். ராணி என்னிடம் வெடித்தாள்: "அந்தப் பாடம் அவரோட போகட்டும்ணே. இவளாவது கம்ப்யூட்டர் படிச்சுப் பொழைக்கட்டும்." நான்தான் சமாதானம் சொன்னேன். நான் இருக்கேன்ல தாயி, பார்த்துக்கிறேன் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஹெட்மாஸ்டர் கணக்காகப் பேசினார். போன வருஷம் ஒன்பது பேர்தான்; இந்தத் தடவை மாசக் கடைசிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் குரூப்பை மூடிவிடுவோம் என்றார். பவித்ரா அன்றைக்கே சைக்கிளை எடுத்துவிட்டாள். ஒத்தக்கடையில் தெருத்தெருவாக, புதுசாக முளைத்த பிளாட்டுகளில் மாடி மாடியாக ஏறி, கூடப் படித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினாள்.

கப்பலூரில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஒருத்தர் வாசலிலேயே கேட்டிருக்கிறார். "ஹிஸ்டரி படிச்சா எவன்மா வேலை தருவான்?"

இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். "உங்க கம்பெனியில பி.எஃப். பிடிக்கிறாங்களா அங்கிள்? பிடிக்கலேன்னா யார்கிட்ட போய்க் கேக்கணும்னு தெரியுமா? அதெல்லாம் இந்தக் குரூப்புலதான் வரும்."

அவர் கதவைச் சாத்திவிட்டார். என்னிடம் வந்து அதைச் சொல்லிவிட்டு, "அப்பாவா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு மாமா?" என்று கேட்டாள். நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு புதன்கிழமை அவள் நோட்டில் பதினொரு பெயர் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. போதிய மாணவர் இல்லாததால் வரலாற்றுப் பிரிவைத் தொடர இயலவில்லை என்று, துறை ஆசிரியரான நானே எழுதுவது போல.

"பாண்டி சார், எப்படியும் ஆள் சேரப்போறதில்ல. நீங்களா எழுதிக் குடுத்தா ஆறாவது, ஏழாவது கிளாஸுக்கு உங்களை இங்கயே வச்சுக்கிறேன். இல்லேன்னா உபரி ஆசிரியர்னு வேற எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க" என்றார்.

மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது மாப்ள. மிரட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகிற ஏதோ ஓர் ஊரை நினைத்தேன். என் முழங்கால் வலியை நினைத்தேன். பதினொன்று எங்கே பதினைந்து ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பவித்ரா ஓடி வந்தாள். நோட்டில் பதினாறு பெயர். பதினாறாவது, அந்தக் கப்பலூர்க்காரரின் மகள். ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடி வந்து, "எம் பொண்ணையும் எழுதிக்கம்மா" என்றாராம்.

நோட்டோடு ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் போனாள். நான் வராண்டாவில் நின்றேன். வெளியே வந்தவள், "குரூப்பை மூடச் சொல்லி லெட்டர் வெள்ளிக்கிழமையே மேலிடத்துக்குப் போயிருச்சாம் மாமா, இனிமே மாத்த முடியாதாம்" என்றாள். யார் எழுதின லெட்டர் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை போல. அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தான் மெத்தனமா இருந்துட்டேன். இன்னும் நாலு நாள் முன்னாடி ஓடியிருக்கணும்."

அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். எந்தக் கையால் கையெழுத்துப் போட்டேனோ, அதே கையால்.

பதினாறும் சிதறிப்போனது. சிலர் காமர்ஸ், சிலர் பாலிடெக்னிக். கப்பலூர்க்காரரின் மகள் தையல் கம்பெனிக்குப் போகிறாள். பவித்ரா கம்ப்யூட்டர் குரூப். சொன்னதைப் படிக்கிறாள், எதையும் கேட்பதில்லை. கையைத் தூக்குவதே இல்லை என்று அவள் கிளாஸ் டீச்சர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், அடக்கமான பிள்ளையாம். ராணிக்கு நிம்மதி. நான் ஆறாம் வகுப்புக்குச் சிந்துவெளி நடத்துகிறேன்.

நீ இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாயா? இல்லை, நீயும் என்னைப் போல டீயைக் குடித்துவிட்டு எழுந்திருப்பாயா? கிழித்திருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் தாங்கவில்லை.

குரூப் திரும்ப வராது. அந்தப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் பவித்ராவுக்கு ஏதாவது நல்லது நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனால் தன்னால்தான் போச்சு என்று அவள் சுமந்துகொண்டிருப்பது அவளுடையது இல்லை மாப்ள, என்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். ராணியையும் பக்கத்தில் உட்காரவைத்து, என்றைக்குப் போட்டேன், எதுக்காகப் போட்டேன், எல்லாவற்றையும் சொல்வேன். முழங்காலைச் சாக்குச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு பவித்ரா என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி. இது உன்மேல் சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது அவளுக்குத் தாய்மாமன்,
என்றைக்கும் உன் மச்சான்,
பாண்டி