உங்கள் தட்டுச் சோறும் ஜிம்மியின் பச்சை மீனும்

பொழுது படுமுன் கரைக்கு வந்துவிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் ஜிம்மி சாகக் கிடக்கிறான். அதற்குக் காரணம் நான் மட்டும்தான் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

அவனுடைய வயிற்றைப் பற்றி உங்களுக்கா சொல்லவேண்டும்? குட்டியிலிருந்தே கொஞ்சம் கறித்தூள் பட்டாலும் கழியும். உப்பில்லாமல் மீன் அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து நீங்கள்தான் கொடுப்பீர்கள். "நந்திக்கடல் கரையிலை நாய்க்குப் பத்தியம் காக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்று அம்மா பகிடி பண்ணுவார். அந்தச் சட்டியை நீங்கள் ஒருவரையும் தொடவிட்டதில்லை. அதனால்தானே எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது?

செத்தவீட்டு அடுப்பில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன் ஏறாது. வற்றாப்பளையில் எங்களைச் சுற்றி எல்லாம் சொந்தம், எல்லாருக்கும் சாவுத் தீட்டு, துடக்கு. அவித்துத் தரச்சொல்லி யாரிடம் போவது? முதல் கிழமை ஏழு நாளும் பருப்புச் சோறு வைத்தேன். தின்றதெல்லாம் கழிந்தது.

அப்போதுதான் உங்களோடு தோணியில் போகும் சின்ராசு மாமா மீனோடு வேலியடிக்கு வந்தார். "பச்சையாக் குடு பிள்ளை. கரையிலை நிக்கிற நாயளுக்கு ஆர் அவிச்சுக் குடுக்கினம்?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பச்சை மீன் எங்கள் சட்டியையும் தொடாது, அடுப்பையும் தொடாது. "வேலிக்கு அங்காலை வைச்சுக் குடு" என்று அம்மாவும் விட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பசித்த வயிறு, பாவம் என்று மூன்று மீனை முழுதாகப் போட்டேன். பின்னேரம் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். விடிய இரத்தமாகப் போனது.

பெட்டியில் சாக்கு விரித்து, சைக்கிளில் வைத்துக் கட்டி முல்லைத்தீவுக்குக் கொண்டு ஓடினேன். சமாதானம் வந்த பிறகு அங்கே மிருக வைத்தியர் ஒருவர் இருக்கிறார். நன்றாக ஏசினார்.

"ஒரே நாளிலை சாப்பாட்டை மாத்தினா எந்த வயிறு தாங்கும்? ஒரு நாள் தண்ணி மட்டும் குடுங்கோ. பிறகு, அவிக்கேலாதெண்டா, குடலும் முள்ளும் எடுத்த பச்சை மீன், பெருவிரல் அளவு. அது வயித்திலை நிண்டா மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கொஞ்சம் கூட்டுங்கோ. வேறை ஒண்டும் வாயிலை வைக்கக் குடுக்காதேங்கோ. இன்னொருக்கா இரத்தம் போனா என்னாலை ஒண்டும் செய்யேலாது."

அப்படியே செய்தேன் அப்பா. ஓலையில் வைத்து வெட்டி, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, அளந்து கொடுத்தேன். ஒரு நாள் நிற்கும், மறுநாள் போகும். கூட்டியதைக் குறைத்தேன். பிறகும் போனது. பழுதான மீனோ என்று சின்ராசு மாமாவோடு சண்டை பிடித்தேன், பாவம் அந்த மனிதர். ஜிம்மியின் விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை, நீங்கள் விட்டுப்போன இந்த ஒரு உயிரையும் என் கையாலேயே கொல்லப்போகிறேனா என்று கிணற்றடியில் இருந்து அழுதேன்.

நேற்று மத்தியானம் கிணற்றடியிலிருந்து வரும்போது பார்த்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் தினமும் படைக்கிற சோற்றைக் காகத்துக்கு வைக்கிறேன் என்று அம்மா பின்பக்கம் கொண்டுபோவார். நேற்று அந்தத் தட்டு ஜிம்மியின் முன்னால் இருந்தது. கத்தரிக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் நீங்கள் விரும்பிச் சாப்பிடுபவை.

"எத்தினை நாளா அம்மா?"

"தண்ணி மட்டும் எண்டு நீ விட்ட அண்டையிலை இருந்து. பசியிலை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டான். படைச்ச சோறு அவனுக்கு என்ன செய்யப்போகுது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் தட்டை வழிச்சுத் தின்னேக்கை, கொப்பர் சாப்பிட்டிட்டு எழும்பினமாதிரிக் கிடக்கு பிள்ளை."

நான் கத்திவிட்டேன் அப்பா. "நீங்கள் அவனைக் கொல்லுறியள்" என்றேன். அம்மா வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் ஆருக்குப் போடுறது?" என்று மட்டும் கேட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்று மத்தியானம் விளக்கேற்றிப் படைத்து முடித்ததும் நான் போய் உங்கள் இடத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். "எனக்குத் தாங்கோ அம்மா" என்றேன். அம்மா தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் பாதி சாப்பிடும்போது அகப்பையோடு வந்து, "காணுமே? இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டார். போடச்சொன்னேன்.

வேலிக்கு அப்பால் ஜிம்மி பெருவிரல் அளவு பச்சை மீன் தின்றான். இப்போது பின்னேரம். இன்னும் சத்தி எடுக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ, எனக்குப் பயமாக இருக்கிறது. எழும்பி நிற்கவே அவன் தள்ளாடுகிறான்.

அவன் பிழைப்பான் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. அம்மா படைப்பதைக் கைவிடும்வரைக்கும் உங்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டேன். அதை மட்டும் சத்தியம் செய்கிறேன்.

உங்கள் இடத்தில் இருந்து சாப்பிடும்,
உங்கள் ஒரே மகள்