நான் திருத்தாத கடல்

வியாழன், நவம்பர் 20. ருவைஸ், அபுதாபி.

தம்பி தூங்கிவிட்டான். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று பள்ளிக் கண்காட்சியில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த நாடு கொரியா. இங்கிருந்து கொரியாவுக்கு எண்ணெய்க் கப்பல் போகும் வழியைக் காட்ட இணையத்திலிருந்து ஒரு வரைபடம் எடுத்து ஒட்டியிருந்தேன். அதில் ‘பாரசீக வளைகுடா’ என்று இருந்ததை ஒயிட்னரால் அழித்து ‘அரேபிய வளைகுடா’ என்று எழுதினேன். அரபு நாட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் அப்பா கம்பெனியின் கொரிய மேனேஜர். வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“இந்தக் கடலின் பெயரைத் திருத்தியிருக்கிறாயே, எங்கள் கடலை ஏன் விட்டுவிட்டாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கொரியாவுக்குக் கிழக்கே ‘ஜப்பான் கடல்’ என்று அச்சாகியிருந்தது. கொரியர்களுக்கு அது கிழக்குக் கடல். ஜப்பான் அவர்களை முப்பத்தைந்து ஆண்டுகள் அடக்கி ஆண்டதை அதே அட்டையில் நான்தான் எழுதியிருக்கிறேன். மேனேஜர் என் அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிடும்போது அம்மா, “காண்ட்ராக்ட் என்னாச்சுங்க?” என்றாள்.

“நாளைக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் கவலையில்ல. இல்லன்னா கலாஸ், ஊருக்குப் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்” என்று அப்பா சிரித்தார். “உன்னப் பாத்தாரா கண்ணு?”

“பாத்தாருப்பா” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஹாலில் இன்னும் டிவி ஓடுகிறது. காலையில் மேனேஜர் அறைக்குள் அப்பா ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு போய் நிற்கக்கூடாது. எழுந்து போய் வரைபட விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.