பூ வலது கையில், பை ரோட்டுப் பக்கம்

மே 4, ஞாயிறு

காலை ஏழரைக்கே சுள்ளென்று வெயில். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் நான் வீராங்கனையாகிவிடுவேன்.

கோயிலுக்குக் கிளம்பினேன். மூலைக் கடையில் செவ்வந்தி மாலை ஒன்று, கொஞ்சம் உதிரிப் பூ. அவை வலது கையில். பை இடது தோளில். அது ஒருவழித் தெரு. வண்டிகள் எனக்குப் பின்னாலிருந்து வரும். நான் நடந்தது வலது ஓரம். ஆக, ரோடு இடப்பக்கம், பையும் இடப்பக்கம். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம், மெதுவாக. பாவம், நிதானமாக ஓட்டுகிறானே என்று நினைத்தேன். (நினைத்தது உண்மை, எழுதத்தான் வேண்டும்.)

அடுத்த நொடி தோள் பிய்ந்துவிடும்போல ஓர் இழுப்பு. விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மூன்று நான்கு தப்படி கூடவே ஓடி, முழங்காலும் இடது முழங்கையும் தரையில் தேய விழுந்தேன். வார் அறுந்தது. வார் என் கையில், பை அவன் கையில்.

விழும்போதும் வலது கை மட்டும் தலைக்கு மேலே. மாலையில் ஓர் இதழ் உதிரவில்லை.

எதிர்க் காப்பிக்கடைச் சீனர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தங்காச்சி, ஓகே ஆ? டுடோக், டுடோக்." மலாயில் உட்கார் என்கிறார். பால் இல்லாத தேநீர், சர்க்கரை தூக்கலாக. பாதி எனக்கு, பாதி துப்பட்டாவுக்கு.

போனவை: மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சாவி, வேலைக்குப் போகும் படகின் அட்டை, பாஸ்போர்ட் நகல் (அசல் அலமாரியில்), தின்றது போக அரை வடை.
போகாதவை: போன் (சுடிதார் பாக்கெட்டில்), தாலிச் சங்கிலி (கழுத்துக்குள்), மாலை.

கோயிலுக்குப் போனேனா? போனேன். மாலையைப் பின்னே என்ன செய்வது.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். என் முழங்கையைப் பார்த்ததும் காரைத் திருப்பினார். "ஏறு. பாலாய்க்குப் போவோம். நீ வெளிநாட்டுக்காரி, பாஸ்போட் காப்பி அவன் கையில இருக்கு, சாவியும் இருக்கு. ரிப்போட் போடாம விடக் கூடாதுலா."

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். அடையாளம்? சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தான் என்றேன். எழுதிக்கொண்டார். வெளியே வந்து பார்த்தால் சிக்னலில் நின்ற ஆறு பேரில் நால்வர் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். காற்றுக்கும் தூசிக்கும் இந்த ஊர்ப் பழக்கம் அது. துப்பு துலங்கினாற்போலத்தான்.

காரில்:
"பேக்க ஏன் ரோட்டுப் பக்கம் மாட்டுன?"
"வலது கையில சாமி மாலைக்கா."
"அத இடது கையில புடிக்கிறது."
"சாமிக்குக் கொண்டு போறத இடது கையிலயா?"
சிக்னலில் நிறுத்தி, அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு, "உங்க சாமி அவ்ளோ கோவக்காரரா?"

சிரித்ததில் விலா வலித்தது. மத்தியானத்துக்குள் அக்காவே ஆள் பிடித்து என் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்.

ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரர், இவரிடம் சொல்லவில்லை.

காரணம் மகள் யாழி. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இந்தத் தீவுக் கல்லூரியில் சேர அவளுக்கு இடம் இருக்கிறது. 15-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், ஜூலை 7 வகுப்பு. திருச்சியில் இவர் இன்னும் "பாக்கலாம்" என்றுதான் சொல்கிறார். இது தெரிந்தால் "பாக்கலாம்" அப்படியே "வேணாம்" ஆகும். நான்கு வருஷமாக மகளைப் போனிலேயே வளர்த்துவிட்டேன். எனக்கு அவள் இங்கே வேண்டும்.

மே 5, திங்கள்

படகில் காற்று அருமை. வேறு எந்த ஊரில் வேலைக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் கடல் கிடைக்கும்? பட்டர்வொர்த்தில் இறங்கி வேன், புக்கிட் தெங்கா தொழிற்சாலை, எட்டு மணிக்கு உள்ளே. உட்காரும்போது மட்டும் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்தியது.

ரெ. அக்காவின் பழைய கண்ணாடி. உலகம் ஓரங்களில் வளைந்திருக்கிறது.

இன்று பாதுகாப்பு அதிகாரி மேஜையில், அதாவது என் மேஜையில், மூன்று 'நியர் மிஸ்' படிவங்கள். நியர் மிஸ் என்றால் அடிபட இருந்து தப்பியது. எங்கள் தொழிற்சாலையில் தரையில் எண்ணெய் சிந்தி ஒருத்தர் வழுக்காமல் தப்பினால்கூட அன்றைக்கே எழுதித் தர வேண்டும். என்ன நடந்தது, மூல காரணம், இனி என்ன செய்வோம், பொறுப்பு யார், எந்தத் தேதி முதல். மறைக்கிறவர்களை அழைத்துத் திட்டுவது என் வேலை. இன்றைக்கும் ஒருவரைத் திட்டினேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

மே 6, செவ்வாய்

இவர் வீடியோவில் வந்தார். கணக்கு வாத்தியார், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கு எச்சரிக்கை என்று பத்துக் கை மாறி வந்த செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினார்.

"வழிப்பறி எல்லாம் உண்டாமே அங்க?"
"எந்த ஊருலதான் இல்ல."
"உனக்கு ஒண்ணும் ஆனதில்லயே?"
"இல்லயே."

துளிகூடத் தடுமாறவில்லை நான். போனை வைத்த பிறகு அதுதான் உறுத்தியது. சோறு இறங்கவில்லை. அப்புறம் ரெ. அக்கா மீன் குழம்பு கொடுத்து அனுப்பினார், இறங்கிவிட்டது.

மே 8, வியாழன்

ரிசல்ட்! யாழி அள்ளிவிட்டாள். வேன் முழுக்கச் சொல்லி, படகிலும் முன்பின் தெரியாத ஒரு மலாய் அம்மாவிடம் சொல்லி, அவர் கைகுலுக்கி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் கரிபாப், இந்த ஊர் சமோசா.

யாழி: "அம்மா, அப்பா கிட்டத்தட்ட ஓகே சொல்லிட்டாரு. நீ அங்க எப்படி இருக்கணும், எதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்கு ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பு. அதப் படிச்சுட்டா அப்பா முழு ஓகே."

முழங்கை ஆறி, அரிக்கிறது.

மே 10, சனி

மத்தியானம் நல்ல மழை. லிஸ்ட் எழுதினேன்.

1. நடக்கும்போது பை சுவர்ப் பக்கம். ரோட்டுப் பக்கம் கூடவே கூடாது.
2. இழுத்தால் விட்டுவிடு. பை போனால் பை. பிடித்துத் தொங்காதே.
3. பின்னால் மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தால் திரும்பிப் பார். கடைக்குள் ஏறிவிடு.
4. பாஸ்போர்ட் நகலும் வீட்டுச் சாவியும் ஒரே பையில் வேண்டாம்.
5. சங்கிலி உள்ளே.
6. போலீஸ் என்று சொல்லி யார் போன் செய்தாலும் எந்த எண்ணும் சொல்லாதே. வைத்துவிட்டு என்னிடம் சொல்.
7. சாமிக்கு மாலை கொண்டுபோனால் ரோட்டுப் பக்கத்துக் கையில் பிடி. இடது கையானாலும் பரவாயில்லை.
8. எது நடந்தாலும் ரெஜினா ஆன்ட்டியிடம் போ.

படித்துப் பார்த்தேன். பாதுகாப்பு அதிகாரி எழுதினாற்போலக் கச்சிதம். அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு தூக்கம்.

மே 11, ஞாயிறு

அதே தெரு, அதே பூக்கடை. பயந்துகொண்டேதான் போனேன். மாலை இடது கையில், புதுப் பை வலது தோளில், சுவர்ப் பக்கம். காப்பிக்கடைச் சீனர் பார்த்துக் கட்டைவிரல் காட்டினார். சாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் யாழி அழைத்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, ஏழாவது பாயின்ட் எப்படிம்மா லிஸ்டுல வந்துச்சு?"
"எது?"
"மாலை. மத்ததெல்லாம் எங்க வேணா படிக்கலாம். சாமி மாலைய இடது கையில புடின்னு எந்த லிஸ்டுலயும் இருக்காது. அதுவும் நீ சொல்லமாட்ட. நீ விழுந்தியாம்மா?"

என் வயிற்றில் பிறந்ததுதானே. சொன்னேன், எல்லாம். சொல்லி முடிக்கும்போதுதான் தெரிந்தது, இவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ரொம்ப வலிச்சுதா?"
"இல்லங்க. சிராய்ப்புதான்."
"செவ்வாக்கெழம கேட்டேன். இல்லன்னு சொன்ன."
"பயப்படுவீங்கன்னு..."
"பை போனதுக்கு நான் பயப்படல சுமதி. நான் இங்க உக்காந்து எந்த நியூஸ நம்புறது? நீ சொல்றதத்தான் நம்புறேன். நீயே மறைச்சா, எத நம்பிப் புள்ளைய அனுப்புறது?"

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. போனை யாழியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

திருடன் பையைத்தான் எடுத்தான். மிச்சத்தை நானே கெடுத்தேன்.

மே 12, திங்கள்

விசாக நாள், விடுமுறை. தெருவில் புத்தர் ஊர்வலத்துக்குப் பூ அலங்காரம். வீட்டுக்குள் நான், அழுது வீங்கிய கண்ணோடு.

ரெ. அக்கா வந்தார். கதையைக் கேட்டார். "உன் வீட்டுக்காரரு சொல்றது சரிதான்லா. நீ ஃபேக்டரில எல்லாத்தையும் எழுதச் சொல்லுவியே, வீட்டுக்கு ஏன் எழுதல?"

அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். தொழிற்சாலைப் படிவத்தையே எடுத்து எழுதினேன். ஞாயிறு நடந்தது மட்டுமல்ல, நான்கு வருஷத்தில் சொல்லாமல் விட்டது எல்லாம்.

முதல் வருஷம்: தெரியாத வழியில் ஓட்டிய டாக்ஸி. சிக்னலில் இறங்கி நடந்தேன்.
இரண்டாம் வருஷம்: படகுத் துறையிலிருந்து ஒருவன் பின்னாலேயே வந்தான். வீட்டைக் காட்டாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்தேன், அவன் போகும்வரை.
போன வருஷம்: போலீஸ் என்று சொல்லி ஒரு போன், உன் விசாமீது வழக்கு என்று. வெளிநாட்டுக்காரர்களைக் குறிவைத்து வருவது. பாதி எண் சொன்ன பிறகுதான் புத்தி வந்தது.
இந்த வருஷம்: பை. காயம் பட்டதால் நியர் மிஸ் கணக்கில் வராது, விபத்துதான். ஒழுங்காக அப்படியே எழுதினேன்.

மூல காரணம்: கவனக்குறைவு.

படிவத்தில் இல்லாத கட்டம் ஒன்று நானே போட்டேன்: 'யார் வந்தார்கள்.' ஒவ்வொன்றுக்கும் எழுத ஆள் இருந்தது. நாற்காலி தூக்கி வந்தவர், பூட்டு மாற்றியவர், டாக்ஸியிலிருந்து இறங்கி நடந்தபோது காரை நிறுத்திப் படகுத் துறைவரை கொண்டுவிட்ட மலாய்க் குடும்பம். எழுத எழுத எனக்கே மனசு லேசாகிவிட்டது. இந்த ஊரில் நான் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். ஆபத்து இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதுமே.

'இனி என்ன செய்வோம்' கட்டத்தில் யாழிக்கான லிஸ்ட். 'பொறுப்பு', 'தேதி' இரண்டும் காலி. அது என் கையில் இல்லை.

அனுப்பினேன்.

மே 13, செவ்வாய்

பார்த்துவிட்டார். நீல டிக். பதில் இல்லை.

கண்ணாடி ரெடி. உலகம் நேராகிவிட்டது.

மே 14, புதன்

பதில் இல்லை. யாழியிடம் கேட்டால், "அப்பா ரூம்ல பேப்பர் திருத்துறாரும்மா." லீவில் என்ன பேப்பர்?

கேன்டீனில் நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, பாதி வைத்துவிட்டேன். என் வரலாற்றில் முதல் முறை.

மே 15, வியாழன்

படகில் எழுதுகிறேன். காற்றில் தாள் நிற்கமாட்டேன் என்கிறது.

ஏறினதும் வந்தது. என் படிவத்தை அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தி, போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார். இரண்டு எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டிருக்கிறார். மனுஷன்!

'மூல காரணம்: கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'பிடிவாதம்' என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் சின்னதாக, 'பையை விட்டிருக்கணும்.'

'யார் வந்தார்கள்' கட்டத்துக்குப் பெரிய டிக்.

கடைசியில் புதிதாக ஒன்பதாவது வரி: 'எது நடந்தாலும் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்வது. பொறுப்பு: சுமதி. தேதி: இன்று முதல்.'

மேலே, பொறுப்பும் தேதியும் நான் காலியாக விட்டிருந்த முதல் வரி இப்போது: 'பை சுவர்ப் பக்கம். பொறுப்பு: யாழினி. தேதி: ஜூலை 5 முதல்.'

மூன்று தடவை படித்தேன். ஜூலை 5. வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால்.

படகு முழுக்கப் பார்க்க அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கை மலாய்ப் பெண் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ நீட்டினார். வலது கையில் போன், விட மனமில்லை. இடது கையாலேயே வாங்கிக்கொண்டேன்.