கால்சியம் மாத்திரையால் கூடிய இரத்த முடிவும், என் தங்கை நம்ப மறுக்கும் உண்மையும்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
சிறுநீரகப் பிரிவில் சிகிச்சை பெறும் வேன் ஓட்டுநரின் அண்ணன்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: சத்து மாத்திரையால் இரத்தத்தில் கால்சியம் கூடுதலாகக் காட்டியதால் சிறுநீரக தானத்துக்குத் தகுதியற்றவன் என நிறுத்தப்பட்டது – மறுபரிசீலனையும், நோயாளிக்கு நேரில் விளக்கமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பள்ளி வேன் ஓட்டிவந்த என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துவருகிறாள். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. அவளுடன் பிறந்தவன் நான் ஒருவனே. ஒரு சிறுநீரகம் தர முன்வந்தேன். பொருத்தம் சரி என்று தெரிந்த அன்று, "இனிமே என்னைத் திட்டினா உன் கிட்னியையும் சேர்த்துத் திட்டுற மாதிரி, பாத்துக்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து அப்போது வெகுநாளாகியிருந்தது.

2. சென்ற ஆண்டு வேலையில் விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது போதாதென்று என் மனைவி மருந்துக்கடையில் எலும்புக்குப் பலம் என்று இன்னொரு புட்டியும் வாங்கிவந்தாள். இரண்டையும் தினமும் காலையில் விழுங்கிவந்தேன்.

3. தானத்துக்கான பரிசோதனைக்கு, "ஒண்ணும் சாப்பிடாம வாங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம்" என்றார்கள். அந்தத் தண்ணீரோடு வழக்கம்போல் இரண்டு மாத்திரைகளையும் போட்டுக்கொண்டேன். இரத்தம் எடுக்கும் இடத்தில், "சுகர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். சத்து மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றி எவரும் கேட்கவுமில்லை. கால்சியம் கூடுதலாக வந்தது. சந்தேகத்துக்கு மறுமுறை எடுத்தார்கள். அன்றும் மாத்திரை போட்டுவிட்டே போயிருந்தேன்.

4. கால்சியம் இப்படிக் கூடினால் கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருக்கலாம், மிஞ்சும் ஒற்றைச் சிறுநீரகத்தில் கல் சேரலாம் என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார்கள். என் நன்மைக்காகவே அப்படிச் செய்தார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அன்றே நடைவழியில் வைத்து என் தங்கையின் கணவர் கேட்டார்: "குடுக்க மனசில்லேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

5. பிறகு எலும்பு மருத்துவரிடம் போனபோது அவர் அந்த முடிவைப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் அன்னிக்கு இதைப் போட்டீங்களா?" என்றார். இரண்டாவது புட்டியைப் பற்றி அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. அவர் சொன்னபடி இரண்டையும் நிறுத்திச் சில வாரம் பொறுத்துத் தங்கள் ஆய்வகத்திலேயே இரத்தம் கொடுத்தேன். கால்சியம் சரியான அளவில் இருந்தது. சுரப்பியிலும் குறையில்லை என்றார்கள். அந்த முடிவை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தங்கையிடம் வந்தேன். எல்லாம் தீர்ந்தது என்றே எண்ணினேன்.

6. மாத்திரைதான் காரணம் என்று நான் விளக்கியதும் அவள் கணவர், "அப்போ தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க" என்று எழுந்து போய்விட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயம் யாருக்குத்தான் இல்ல? நீ நல்லா இருண்ணே. எனக்கு வேணாம்" என்றாள். மருத்துவரிடமும் அவ்வாறே சொல்லிவிட்டாள். கோபித்திருந்தால் வாதாடியிருப்பேன். செய்யாத தவற்றுக்கு அவள் மன்னிப்புக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பயம் இருந்தது உண்மை. பயத்தோடுதான் தானத்துக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். பின்வாங்க ஒருநாளும் நினைத்ததில்லை.

7. ஆகவே, புதிய முடிவை ஏற்று என்னை மீண்டும் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். இனி வருகிறவர்களிடம் இரத்தம் எடுக்குமுன், சத்து மாத்திரை உட்பட என்னென்ன விழுங்குகிறார்கள் என்று கேட்கவும் உத்தரவிட வேண்டும். அவர்களாக நிறுத்திவிடாமல், எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

8. இன்னொன்றும் உண்டு. மருத்துவர் ஒருவர் என் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்த இரத்த முடிவு எதனால் அப்படி வந்தது என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனால் அண்ணன் தர மறுத்தான் என்று எண்ணிக்கொண்டு அவள் சாகக் கூடாது, அம்மா.

இப்படிக்கு,
(ஒப்பம்)
நோயாளியின் அண்ணன்

இடம்: டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே
நாள்: வெள்ளிக்கிழமை. அவள் உள்ளே இருக்கிறாள்.