தாளிக்காத சாப்பாடு

இன்று காலை கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், அடுப்படிக் கதவு நிலையில் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்த இடத்தைக் காட்டி, “இது என்னம்மா, இம்புட்டு அழுக்கு?” என்றார். உன் கை பட்ட இடம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பிரஷ் அதன்மேல் ஏறிவிட்டது. சட்டென்று எதையும் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியாததா.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் இருந்தவள் நீ. வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், பொறி பறக்காது. சாத்தூர் ரோட்டில் சிநேகிதிகள் நாம் இரண்டு பேரும் இந்தச் சாப்பாட்டுக் கடையைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. நிலையை இரண்டு கையாலும் தொட்டுவிட்டுத்தான் அடுப்புக்குப் போவாய். சென்னையிலிருந்து சாப்பிட வந்த சிலர் அதை வீடியோ எடுத்தார்கள். “அடுப்படியையே சாமியா கும்பிடுறாங்க பாருங்க, இதுதான் நம்ம பாரம்பரியம்” என்றார் ஒருவர். நீ கருவாட்டுக் குழம்போடு வந்து, “கும்பிடலைங்க, வெடிச்சிறக் கூடாதுன்னு தொட்டேன். சாப்பிடுங்க, ஆறிப்போகும்” என்றாய். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான். சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் ஏதாவது வேலையில் உட்கார்ந்துவிடுவேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்; நானும் மனுவோடு போய் நின்றுகொண்டிருந்தேன். நீதான், “எத்தன நாளைக்கு அங்கன போயி நிப்ப? நான் ஆக்குறேன், நீ போன எடு புள்ள” என்றாய்.

“எனக்குப் பேச வராதே.”

“ஆர்டர் எடுக்கத்தானடி சொல்றேன். மைக்கப் பிடிச்சுப் பேசவா சொன்னேன்?”

கம்மஞ்சோறு, கேப்பைக் களி, கானப்பயறுத் துவையல். விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் மூடி மறைத்த சாப்பாட்டையெல்லாம் போர்டில் எழுதி வெளியே வைத்தோம். நாலு கல்யாண ஆர்டர் பிடித்துவிட்டால் இனி மருந்தைத் தொடவே வேண்டாம் என்பாய். நமக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புரட்டாசி வந்தது. கறியும் கருவாடும் விற்கவில்லை. கல்யாணமும் இல்லை. கம்பெனிகளில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கிற மாதமும் அதுதான். கடை மூடிவிடக் கூடாதென்று நீ திரும்பிப் போனாய். “இந்த ஒரு சீசன்தாண்டி. சட்டியெல்லாம் கமுத்தி வையி, வந்துருவேன்.”

ஒரு மதியம் அறை வெடித்தது. அன்றைக்கும் நீ தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருப்பாய்.

உன் தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. உன் சித்தப்பா போன் செய்தார். “தாயி, ஒங்க கடையில இருந்தே ஆக்கி அனுப்பிரு. தாளிச்சுறாத.” சாவு வீட்டுக்குப் போகிற சாப்பாட்டில் கடுகு பொரியக் கூடாது. நீ கமுத்தச் சொன்ன சட்டிகளை நிமிர்த்தி, சோறும் பருப்பும் ஆக்கினேன். நம் கடையிலிருந்து வெளியே போன முதல் பெரிய சாப்பாடு அது.

அதன்பிறகு ஆர்டர் வரத் தொடங்கியது. சுற்று ஊர்களில் எங்காவது அப்படியொரு மதியம் வந்தால் நம் நம்பரைத்தான் கூப்பிடுகிறார்கள். கடை நன்றாக நடக்கிறது. உன்னைக் கம்பெனிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நடக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

போனில் பேச இப்போது எனக்கு வருகிறது. என்ன விசேஷம் என்று கேட்பதில்லை. எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டு, “தாளிக்கவா, வேண்டாமா?” என்பேன். சீசன் மாதங்களில், அவர்களாகச் சொல்லும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.