உன் குரலில் வந்த அழைப்பு

நேற்று பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் காதில் வைத்தேன். பேசியது நீ.

"பாக்கியம், நான்தான்டி. இப்ப ஒனக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் பாத்துச் சொல்லு."

நீ போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. உன்னைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் என் வாய் தானாக, "எங்கடி இருக்க?" என்று கேட்டுவிட்டது.

"டவுன்லதான். சீக்கிரம் சொல்லு."

நடுவில் அந்த இருமல். நுவரெலியா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவுகளில் கேட்ட அதே வறட்டு இருமல். உன்னைக் கொண்டுபோன இருமலைக்கூட விட்டுவைக்கவில்லை பாவிகள்.

தேயிலைத் தோட்டத்துக்கு முகம் பார்த்துப் பேர் பதியும் இயந்திரம் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நின்று அதற்கு முகத்தைக் காட்டினோம். "இது ஏஐ, தப்பே விடாது" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. ஹட்டனில் போன் கடையில் கொஞ்சக்காலம் இருந்தவள் நீ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாயா?

"பாஸ்வர்டு களவு போனா மாத்தலாங்க ஐயா. மூஞ்சி களவு போனா எங்கிட்டுப் போய் மாத்துறது?"

எல்லோரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. அன்று கொழுந்து பறிக்க உனக்குக் கிடைத்தது அட்டை நெளியும் மேட்டு மலை. சாயங்காலம் கடிவாயைச் சொறிந்துகொண்டே, "சொன்னது சொன்னதுதான்" என்றாய்.

ஊரையே சந்தேகப்பட்ட நீ ஒன்றில் மட்டும் கோட்டை விட்டாய். பள்ளத்தில் கிடக்கும் நம் லயத்து வீடுகளில் முதலில் உன் போனுக்கு மட்டும்தான் சிக்னல் பிடித்தது. வங்கியோ, அரசாங்க உதவிப் பதிவோ, எவர் நம்பர் கேட்டாலும் லயமே உன் நம்பரைத்தான் கொடுத்தது. இரகசிய எண் வந்தால் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்துவாய். கடைசி வீடு வரைக்கும் கேட்கும். நீ போனபிறகு அந்த சிம் என் போனுக்கு வந்தது.

கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் உன் மகள், இறந்துபோனவர்களைப் பேசவைக்கும் ஒரு செயலியைக் கண்டுபிடித்தாள். "காசே கேக்கல சித்தி, அச்சு அசலா அம்மாதான்" என்றாள். அது கேட்டதெல்லாம் உன் பதிவுகளையும் அவள் போனில் இருக்கும் நம்பர்களையும்தான். என்னிடமிருந்த பதிவுகளையும் அனுப்பிவைத்தேன். உன் குரல் இப்படித்தான் வெளியே போனது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. வேறு வழி எதுவும் தோன்றவில்லை.

காதிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் இலக்கங்கள். யாருடைய கணக்கைத் திறக்கும் எண் அது என்று தெரியவில்லை. எதிரே மாரியம்மா அக்கா கம்பளியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராணி குடத்தில் தண்ணீர் பிடித்தாள். இருவரில் ஒருவருடையதாகவும் இருக்கலாம். பேசுவது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைக்க மனம் வரவில்லை. இலக்கங்களை மெதுவாகச் சொன்னால் அதுவரைக்குமாவது நீ பேசிக்கொண்டிருப்பாய் என்று ஒரு கிறுக்குப் புத்தி.

"இருமலுக்கு என்னடி குடிக்கிற?" என்றேன்.

நீயாக இருந்தால் டாக்டரிலிருந்து கசாயம் வரைக்கும் திட்டித் தீர்த்திருப்பாய். அந்தப் பக்கம் அதே இருமல். பிறகு, "நம்பரச் சொல்லுடி பாக்கியம்."

"யாருடி போன்ல?" என்றார் மாரியம்மா அக்கா.

"யாருமில்லக்கா."

வைத்துவிட்டேன். உன் குரலை யாருமில்லை என்று சொன்னதை மன்னித்துக்கொள். அலசாத துணியை அப்படியே போட்டுவிட்டு, நடந்ததை அக்காவிடமும் ராணியிடமும் சொன்னேன்.

இன்று லயத்துப் பெண்கள் எல்லோருமாக வங்கியில் கொடுத்த நம்பரை மாற்ற டவுனுக்கு பஸ் ஏறினோம். அந்தச் செயலியை அழித்துவிடச் சொன்னேன் உன் மகளிடம். "அழிச்சிட்டா அம்மா திரும்பவும் போயிருவாங்களே சித்தி" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எனக்குக் கடைசியாக அனுப்பிய பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. தினமும் ஒருதரம் கேட்பேன். இன்று பஸ்ஸிலும் கேட்டேன். "பயப்படாதடி பாக்கியம், நான் வந்துருவேன்" என்று நீ சொல்லும் இடத்தில் எனக்கு எப்போதும் அழுகை வரும். இன்று வரவில்லை. அடுத்து நம்பர் கேட்பாயோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.