பிடியில்லாத குழாய்

நவம்பர் 4, ரவுமா

முதியோர் இல்லத்துச் செவிலி ஹில்க்கா காப்பி நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டாள். "மெர்வி, உங்க அம்மா கை கழுவுறதே இல்ல. கேட்டா, தண்ணி நின்னு போச்சுங்கறாங்க." இப்படியே போனால் அம்மாவை மறதி முற்றியவர்களுக்கான பூட்டிய பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதை முடிவு செய்ய அடுத்த வாரம் கூட்டமாம். அங்கே ஜன்னலுக்கு வெளியே முற்றம்தான். அம்மா இப்போது தினமும் பார்க்கும் படகுத்துறை தெரியாது.

நவம்பர் 5

அம்மாவா? ரொட்டியைத் தொடுமுன் எங்கள் நகக்கண்ணைச் சோதித்தவளா?

நவம்பர் 7

இன்று கூடவே நின்று பார்த்தேன். குழாயின் மேலே, பக்கத்தில், பின்னால் என்று பிடியைத் தேடுகிறாள். பிடி இல்லை. குழாயின் கழுத்தில் ஒரு கறுப்புக் கண்தான். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கீழே அனுப்புகிறது. கை குறுக்கே வந்தால் ஒளி பட்டுத் திரும்புகிறது. உள்ளே ஒரு காந்தம் தண்ணீரை மறிக்கும் அடைப்பைத் தூக்குகிறது. கையை எடுத்தால் அடைப்பு மூடிக்கொள்ளும். அம்மாவின் கை அந்த ஒளிக்குள் போகவே இல்லை. கோளாறு அவளிடம் இல்லை, குழாயில்தான்.

"கீழே கைய நீட்டும்மா."

"திறக்காத குழாய்க்குக் கீழே கைய நீட்ட நான் என்ன பைத்தியமா?"

நவம்பர் 11

பிடியைத் தூக்கித் திறக்கும் குழாயைப் பொருத்த வைத்தேன். "நீங்க பிடிச்சா விடமாட்டீங்க" என்றாள் ஹில்க்கா. அம்மா திறந்தாள், கழுவினாள், மூடினாள். கூட்டம் தள்ளிப்போனது.

நவம்பர் 15

அம்மா குழாயைத் திறந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாள். வடிகாலைத் துவாலை அடைத்திருக்கிறது. நடைவழியெல்லாம் தண்ணீர். எதிர் அறைக் கிழவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஹில்க்கா துடைப்பத்தை எடுத்துவந்து தண்ணீரைத் தள்ளினாள். திட்டியிருக்கலாம். தானா மூடிக்கிற குழாய எதுக்கு வச்சாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல — எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நவம்பர் 17

பூட்டிய பிரிவுக்கு மாற்றச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 29

பூட்டிய பிரிவிலும் அதே கறுப்புக் கண் குழாய். வீட்டுச் சவுனாவிலிருந்து, அந்த நீராவிக் குளியலறையில் அம்மா எப்போதும் தேய்க்கும் தார் சோப்பை எடுத்துப்போய் அதற்கு நேர் கீழே வைத்தேன். அம்மாவின் கை சோப்புக்குப் போனது. தண்ணீர் வந்தது. நிதானமாக, விரலிடுக்கெல்லாம் கழுவினாள். பிறகு சுவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நன்றிங்க."

"யாருக்கும்மா?"

"அந்தப் பக்கம் யாரோ திறந்துவிடுறாங்களே. பாவம், நாள் முழுக்க நிக்கறாங்க. நீயும் சொல்லு."

ஒளி, காந்தம், அடைப்பு எல்லாம் வாய்வரை வந்தன.

கையைக் கழுவிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.